தைரியநாதன் வீட்டுச் சுவர்

தைரியநாதனை முதல் ஆறு மாதம் எனக்குச் சுத்தியல் சத்தமாகத்தான் தெரியும். கச்சேரி ரோட்டில் என் எஸ்.டி.டி. பூத்துக்கும் அவருடைய படக்கடைக்கும் நடுவே இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். யாராவது துபாய்க்குப் பேசும் நேரம் பார்த்து அந்தப் பக்கம் டொக் டொக்கென்று ஆரம்பிப்பார். நான் தடுப்பில் ஓங்கித் தட்டுவேன். சத்தம் நிற்கும். "சாரி மாமி" என்று ஒரு குரல் வரும். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் டொக் டொக். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதை ஒளிப்பதற்கில்லை. ஆனால் மயிலாப்பூரில் நல்ல மனிதர் ஒருவர் பெயரைச் சொல் என்று இன்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது அந்தச் சுத்தியல்காரர் பெயரைத்தான்.

ஆள் குள்ளம். காதோரம் நரை. சட்டைப் பையில் ஒரு பென்சில், அதோடு சிக்கிக்கொண்டு ஒரு ஜெபமாலை. சாந்தோம் கடற்கரைப் பக்கம் பிறந்தவர். பாரிமுனையில் ஒரு கண்ணாடிக் கடையில் தொழில் கற்றுக்கொண்டு, எழுபத்து நாலில் இங்கே தனியாகக் கடை போட்டார். கல்யாண போட்டோ, பட்டமளிப்புச் சான்றிதழ், திருப்பதி பெருமாள், வேளாங்கண்ணி மாதா, ஷரஃபுதீன் பாய் கொண்டுவரும் அரபு எழுத்து என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் பிரேம் போடுவார். ஒரே ஆணியில் முருகனும் அந்தோணியாரும் டெலிவரிக்குக் காத்திருப்பார்கள். கண்ணால் பார்த்தே "பதினாறுக்குப் பன்னெண்டு" என்பார். அளந்தால் நூல் பிசகாது.

சாமி விஷயத்திலும் மனிதருக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கடைக்குள் மாட்டியிருக்கும் சின்ன மரச்சிலுவையைத் தொட்டு, விரலை முத்தமிட்டுத்தான் சுத்தியலை எடுப்பார். உங்கள் மதத்திலேயே சில பேர் இதைத் தப்பு என்கிறார்களாமே என்று ஒருநாள் கேட்டேன். நான் கேட்டது வம்புக்குத்தான்.

"இன்னா மாமி, தெரிஞ்சிக்கினே கேக்குறீங்க?" என்று சிரித்தார். "இந்தக் கையால தெனம் பத்து சாமியைக் கண்ணாடிக்குள்ள போட்டு ஆணி அடிக்கிறேன். காயிதம் எது, கடவுள் எதுன்னு எனக்கா தெரியாது?"

அந்தத் தைரியத்தைச் சோதிக்க வந்தவர் அவருடைய சம்பந்தி நல்லசிவம்.

தைரியநாதனுக்கும் ரெஜினாளுக்கும் ஒரே பெண், செலின். தி.நகரில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். அங்கே கூட வேலை பார்த்த டேவிட்டை விரும்பினாள். டேவிட் வீட்டார் திருவான்மியூரில் ஒரு பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள். டேவிட்டின் அப்பாதான் நல்லசிவம். சைவக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயதில் கிறிஸ்தவரானவர். சபையில் அவருக்கு ஆபிரகாம் என்று பெயர். ரேஷன் கார்டில் இன்னும் நல்லசிவம்தான். மின்சார வாரியத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, அளந்த பேச்சு. சிகரெட் இல்லை, சினிமா இல்லை, சுவரில் ஒரு படமும் இல்லை.

கல்யாணம் தொண்ணூற்று நாலில் அவர்கள் சபையில் நடந்தது. தைரியநாதன் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிப் பாடிவிட்டு வந்தார். "கோயில் முழுக்க ஒரு படம் இல்ல மாமி. ஊர் பூரா அவங்க பக்கம் போனா எம் பொழப்பு அம்பேல்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு இரண்டு வருடம் நீடித்தது. தொண்ணூற்று ஆறு, பொங்கல் கழிந்த வாரம், செலின் என் பூத்துக்குப் போன் செய்தாள். தைரியநாதன் வீட்டில் போன் கிடையாது என்பதால் அவளுடைய போனெல்லாம் எனக்குத்தான் வரும். நான் தடுப்பில் மூன்று தட்டுத் தட்டினால் அது அவருக்கு அழைப்பு. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர நாள் பார்த்தாகிவிட்டது. ரெஜினாள் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அன்றைக்கு லைனில் இரைச்சல். செலின் கத்திப் பேச வேண்டியிருந்தது. காதை மூடிக்கொள்வது என் வழக்கமில்லை.

"மாமா அனுப்ப மாட்டேங்குறாருப்பா. வீட்டுல விக்கிரகம் இருக்குற வரைக்கும் அவரு பேரப்புள்ள அங்க பொறக்கக் கூடாதாம். சிலுவை, படம், சுரூபம் எல்லாத்தையும் எடுத்துட்டா அனுப்புறேன்றாரு."

"நீ இன்னாமா சொல்றே?"

"நான் இன்னா சொல்றதுப்பா?" என்று சொல்லி அழுதாள்.

அந்த வீட்டில் வேறு பெண் கிடையாது. மாமியார் போய் நாலு வருடம் ஆகிவிட்டது. ரத்தம் குறைவாக இருக்கிறது, குனிந்து நிமிரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ மாமனாருக்கும் புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் மூன்று வேளை சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும். அதுதான் விஷயம், மற்றதெல்லாம் பேச்சு.

மறுநாள் ரெஜினாள் கடைக்கே வந்துவிட்டாள். "எடுத்துட்லாங்க. மூணு மாசம் பரண்ல வெச்சா இன்னா கொறஞ்சி போவுது? மாதா கோச்சிக்க மாட்டாங்க. புள்ள பெத்தவங்கதானே அவங்களும்" என்று கெஞ்சினாள்.

"எடுக்குறது பெருசில்ல ரெஜி. எம் பொண்ணுக்கு மூச்சு முட்டுதுன்னா வூட்டையே இடிக்கிறேன். ஆனா அவரு இன்னா சொல்றாரு? நீ விக்கிரகம் கும்புடுறவன், ஒத்துக்கினு எடுன்றாரு. செய்யாத தப்பை ஒத்துக்கினா அது பொய்யில்லியா? அப்படிச் சொல்லிக் கேட்டா ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க மாமி. நாங்க இன்னா உங்கள மாதிரி கல்லைக் கும்புடுறவங்களா? ஒரு ஞாபகத்துக்கு வெச்சிக்கினு கீறோம்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு கோபம். "நன்னாயிருக்கே! அவர் உங்களைச் சொன்னா வலிக்கறது, நீங்க எங்களைச் சொன்னா மட்டும் வலிக்காதோ? கல்லாம் கல்லு! கபாலி கோவிலண்ட கடை போட்டுண்டு பேசற பேச்சா இது?" என்று பொரிந்து தள்ளிவிட்டுப் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாள் நான் தடுப்பைத் தட்டவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அவரும் அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் என் பூத்து வாசலில் வந்து நின்றார். "தப்புதான் மாமி. உங்க வழக்கு உங்குளுது, அதுல பூர எனக்கு யோக்கியதை இல்ல. எம்மேல போட்ட வழக்குக்கு மட்டும் நான் பதில் சொல்லிக்கிறேன்." முகத்தைப் பார்த்தால் தூங்கின முகமாக இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. காபி வாங்கிக் கொடுத்தேன்.

பதில் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. பிப்ரவரி முதல் வாரம், மத்தியானம் பன்னிரண்டு மணி. நல்லசிவம் குடையும், பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலமுமாகக் கடைக்கு வந்தார். என் பூத்தில் ஆள் இல்லை. நான் தைரியநாதன் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோபமா வரலை சம்பந்தி. ஒரு முடிவுக்கு வந்துடலாம்னு வந்தேன்" என்றார் நல்லசிவம்.

"உக்காருங்க சம்பந்தி. கோவத்துல வந்தாலும் நாக்காலி இதான்."

நல்லசிவம் சிரிக்கவில்லை. "விக்கிரகம் செய்யாதே, அதுக்கு முன்னாடி பணியாதேன்னு கட்டளை இருக்கா இல்லையா?"

"கீது. ஆனா அதே ஆண்டவருதானே வெண்கலத்துல பாம்பு செஞ்சி கம்பத்துல தூக்குன்னாரு? பாம்பு கடிச்சவன் அத்தப் பாத்து பொழச்சானா இல்லியா? ஆராதனை கடவுளுக்குத்தான் சம்பந்தி. மத்தவங்களுக்கு வணக்கம். ரெண்டும் வேற."

"அந்தப் பாம்புக்கு அப்புறம் என்ன ஆச்சு? ஜனங்க அதுக்குத் தூபம் காட்ட ஆரம்பிச்சாங்க. நல்ல ராஜா ஒருத்தர் வந்து உடைச்சுப் போட்டார். அதையும் படிச்சீங்களா?"

தைரியநாதன் படித்திருக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு ஐயோ என்றிருந்தது. அவர் தோற்று நான் பார்த்ததே இல்லை.

"விடுங்க. அந்தப் பொட்டலம் இன்னா?" என்றார் தைரியநாதன்.

"என் சம்சாரம் படம். பீரோவுக்குள்ள வெச்சிருந்தேன், கண்ணாடி விரிஞ்சுபோச்சு. உங்க கடைதானே, போட்டுடலாம்னு எடுத்தாந்தேன்."

பேப்பரைப் பிரித்தார். பழைய கறுப்பு வெள்ளை போட்டோ. நெற்றியில் பொட்டில்லாத ஒல்லியான பெண்மணி, சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகம். மாலை, குங்குமம் எதுவும் அந்தப் படத்தில் பட்ட அடையாளம் இல்லை.

இந்த இடத்தில் அந்தத் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரேமைக் கழற்ற வேண்டுமென்றால் படத்தைக் குப்புறப் போட்டுத்தான் பின்பக்க ஆணியை எடுக்க முடியும். ஆனால் படத்துக்குரியவர் பார்க்கும்போது அதைச் செய்யக் கூடாது. பெருமாள் படமோ, செத்துப்போன அப்பா படமோ, முகம் மேஜையில் படுவதைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பொறுக்காது. அதற்காகவே தைரியநாதன் கடைக்குள் ஒரு திரை தொங்கவிட்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு படத்தையும் அவர் திரைக்கு வெளியே கவிழ்த்ததில்லை.

அன்றைக்குக் கவிழ்த்துவிட்டார். தோற்ற எரிச்சல், பெண்ணைப் பற்றிய கவலை, கை தன் பாட்டுக்குப் போய்விட்டது. போட்டோவை வாங்கினார், திருப்பி மேஜை மேல் பட்டென்று குப்புறப் போட்டார், ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்தார்.

"ஐயோ, மெதுவா!" என்று நல்லசிவம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கை பாய்ந்து படத்துக்கும் மேஜைக்கும் நடுவில் போய்விட்டது. உள்ளங்கையில் அந்தப் பெண்மணியின் முகம். "அவளைக் கவுக்காதீங்க சம்பந்தி."

நானாக இருந்தால் விட்டிருப்பேனா? "அவளைன்னு சொல்றேளே, இது காகிதம்னா?" என்று ஒரே போடாகப் போட்டிருப்பேன். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தைரியநாதன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் குறட்டைக் கீழே வைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து மேஜையில் விரித்தார். "மன்னிச்சிக்குங்க. திரைக்கு உள்ள எடுத்துக்கினு போயி செய்யணும். தொழில்ல இது பெரிய தப்பு. நான் இப்படிப் பண்ணதே இல்ல" என்றார். அது நடிப்பில்லை, மனிதர் நிஜமாகவே வெட்கப்பட்டார்.

நல்லசிவம் கையை எடுக்காமல் நின்றார். அந்தக் கை எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மெல்ல உட்கார்ந்தார்.

"நீங்க அந்தம்மாவுக்குத் தூபம் போடல. அவங்க கிட்ட வரம் கேக்கல. அது போட்டோன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் தைரியநாதன். "ஆனா கை போச்சு பாருங்க, அத்த நீங்க யோசிச்சி அனுப்பல. எங்க வூட்டுச் சிலுவை கிட்ட எனக்குப் போறதும் இதே கைதான். இதுக்கு மேல எனக்கு வசனம் தெரியாது சம்பந்தி."

நல்லசிவம் பழைய கதை ஒன்றைச் சொன்னார். ரட்சிக்கப்பட்டு மதம் மாறிய வருடம் வீட்டிலிருந்த பிள்ளையார், முருகன், அம்மாவின் வெள்ளி லட்சுமி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டித் திருவான்மியூர் கடலில் போட்டாராம். அவருடைய அம்மா அதற்குப் பிறகு பதினோரு வருடம் உயிரோடு இருந்தாள். ஒரு வார்த்தை அவரோடு பேசவில்லை.

"அவ்வளவு கொடுத்து வாங்கினது சம்பந்தி இது. என் பேரன் மறுபடி அந்தப் பக்கம் போயிட்டா, நான் எங்கம்மாவை அழவெச்சதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்தத் தாய்க்காக எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்காகவும்தான்.

தைரியநாதன் புதுக் கண்ணாடி வெட்டி, படத்தைத் திரைக்குள் எடுத்துப் போய் முடித்து, துடைத்துக் கொடுத்தார். நல்லசிவம் வாங்கிக்கொண்டு படி இறங்கினார். பிறகு நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு நானே கூட்டிட்டு வர்றேன். வாசல்ல நின்னு பார்க்கிறேன். மனசு ஒப்பலைன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன். வருத்தப்படக் கூடாது."

"வாங்க. சாப்டுற மாதிரி வாங்க" என்றார் தைரியநாதன். தைரியம் திரும்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினாள் என்னையும் கூப்பிட்டிருந்தாள். எனக்குத் தனியாக சர்க்கரைப் பொங்கல் பண்ணியிருந்தாள். நான் பூவும் வளையலும் வாங்கிப் போயிருந்தேன். சாந்தோமில் ஓட்டு வீடு, கூடமும் ஒரு அறையும். கூடத்தில் நடுநாயகமாக மரத்தில் செய்த பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் இயேசு. பக்கத்தில் மாதா, எதிரில் அந்தோணியார். மனிதர் ஒரு ஆணியைப் பிடுங்கவில்லை. பிடுங்காதது மட்டுமா, எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். கண்ட இடத்தில் கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எந்தச் சாமியாக இருந்தாலும் அன்றைக்கு ஒரு கை கொடுத்தால் சரி.

பன்னிரண்டரைக்கு ஆட்டோ வந்தது. செலின் இறங்கினாள். முகம் வெளிறி, கால் வீங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. பின்னால் நல்லசிவம், கையில் அவளுடைய துணிப்பை. செலின் உள்ளே வந்தாள். அவர் நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

அவர் கண் நேராகச் சிலுவைக்குப் போனது. அங்கிருந்து மாதாவுக்கு, அங்கிருந்து அந்தோணியாருக்கு. முகம் இறுகியது. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் சொன்னேன் இல்லையா சம்பந்தி" என்று ஆரம்பித்தார். ரெஜினாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் அறைக்குள் போயிருந்த செலின் வெளியே வந்துவிட்டாள்.

"எங்கேப்பா எல்லாம்?" என்றாள்.

அவள் கேட்டதும்தான் நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அறையில் புதுப் பாய், தலையணை, மடித்த துணிகள். சுவரில் ஒன்றுமே இல்லை. அவள் பிறந்ததிலிருந்து அங்கே மாட்டியிருந்த இருதய ஆண்டவர் படம் இல்லை, அதன் கீழே எரியும் சிவப்பு பல்பு இல்லை, கதவுக்கு மேலே இருந்த சிலுவையும் இல்லை. ஆணி பிடுங்கிய ஓட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்தது.

"நான் உங்ககிட்ட கேக்கவே இல்லியேப்பா" என்றாள் செலின்.

"கிறிஸ்மஸுக்கு வந்தப்போ இங்கதானே படுத்தே? ரெண்டு நாளும் படத்துக்கு முதுகைக் காட்டினுதான் படுத்தே. அங்க போயி உனக்கு ஜெபம் மாறிப்போச்சு, இத்தப் பாத்தா வரமாட்டேங்குது. எனக்கா தெரியாது? புள்ளத்தாச்சி தூங்கணும். அதான் கழட்டிட்டேன்."

செலின் அவர் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நல்லசிவம் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ நான் கேட்டப்ப ஏன் எடுக்கலை?" என்று கேட்டார்.

"நீங்க பாவம்னு சொன்னீங்க சம்பந்தி. அதுக்கு ஒண்ணும் அசையாது. அவளுக்குத் தூக்கம் வரலைன்னா மட்டும் எடுப்பேன்."

எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. முப்பது வருடமாக விளக்கெரிந்த இடம், இப்படித் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதே. எங்களாத்தில் ஸ்வாமி படத்தை இடம் மாற்றுவதென்றாலே நாள் நட்சத்திரம் பார்ப்போம். "இருந்தாலும் தைரியநாதன், ஸ்வாமியைப் போய்க் கழட்டிட்டேளே, அபசாரமில்லையோ?" என்று கேட்டேவிட்டேன்.

"படத்தைத்தானே மாமி கழட்டினேன்? அவரு எங்க போவாரு?" என்றார்.

நல்லசிவம் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். குனிந்து, செலினின் துணிப்பையை நிலைப்படிக்கு உள்ளே வைத்தார்.